மூட்டு அசைவை அளக்கும் ப்ராஜெக்ட் எடுக்கப் போகிறீர்களா? முதலில் விரலைப் பழக்குங்கள்

குதித்துத் தரையிறங்கும் வீரர்களின் முழங்கால் எப்படி மடங்குகிறது என்று மோஷன் கேப்சரில் அளப்பதுதான் என் முதுகலை ப்ராஜெக்ட். இதே போன்ற தலைப்பை எடுக்கப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: கேமராவைப் படிக்க ஒதுக்கும் நேரத்தில் பாதியையாவது எலும்பைத் தொட்டுக் கண்டுபிடிக்கும் பயிற்சிக்குக் கொடுங்கள்.

நான் அப்படிச் செய்யவில்லை. சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு அகச்சிவப்பு கேமராக்கள், உடம்பில் ஒட்டிய மார்க்கர்கள் எனும் 14 மி.மீ. உருண்டைகள், ஒரு மார்க்கரைக் குறைந்தது இரண்டு கேமராக்கள் பார்த்துவிட்டால் அதன் முப்பரிமாண இடம் கிடைத்துவிடும், கேலிப்ரேஷன் (கேமராக்களை முன்கூட்டியே அளவு சரிபார்ப்பது) ஒழுங்காக இருந்தால் பிழை ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே என்றெல்லாம் படித்துவிட்டு, மூட்டுக் கோணமும் அதே துல்லியத்தில் வரும் என்று நம்பிவிட்டேன். கேமரா பார்ப்பது தோலின் மேல் இருக்கும் உருண்டையை. நமக்கு வேண்டியதோ உள்ளே இருக்கும் எலும்பு. கால் தரையைத் தொட்டதும் தொடைச் சதை குலுங்கும், மார்க்கர் எலும்பை விட்டு ஒரு சென்டிமீட்டருக்கு மேல்கூட நகரும்.

முதல் வீரரைச் சும்மா நடக்கவிட்டு எடுத்த டேட்டாவிலேயே மாட்டிக்கொண்டேன். முழங்கால் மடக்கம் நன்றாகவே வந்தது, கால் காற்றில் வீசும்போது 60 டிகிரி. ஆனால் அதே நேரத்தில் பக்கவாட்டுச் சாய்வு 15 டிகிரிக்கு மேல் காட்டியது. லிகமென்ட் (எலும்புகளைப் பிணைக்கும் நார்) நன்றாக இருக்கும் முழங்கால் அவ்வளவு சாயாது. அவருக்குப் பழைய காயம் இருக்குமோ என்று ஒரு வாரம் அதைச் சுற்றியே எழுதிக்கொண்டிருந்தேன். லேபில் இருந்த சீனியர் அக்கா இரண்டு கிராஃபையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துக் காட்டினார். மடக்கம் ஏறும்போது சாய்வும் ஏறுகிறது, இறங்கும்போது அதுவும் இறங்குகிறது. “இது அவரோட முழங்கால் இல்லப்பா, நீ ஒட்டின மார்க்கர்” என்றார். முழங்காலின் இரு பக்க மார்க்கர்களை வைத்துத்தான் மடங்கும் அச்சு கணக்கிடப்படும்; அவற்றை இடம் தவறி ஒட்டி அந்த அச்சை நான் திருப்பி வைத்துவிட்டதால் மடக்கத்தின் ஒரு பங்கு சாய்வுக் கணக்கில் போய் விழுந்திருக்கிறது. இதற்குப் பெயர் க்ராஸ்டாக். உங்கள் டேட்டா வந்ததும் வேறு எதையும் பார்ப்பதற்கு முன் இந்த இரண்டு கோடுகளையும் சேர்த்துப் பாருங்கள்.

அப்புறம் அவர்தான் கற்றுக்கொடுத்தார்: முழங்காலின் வெளிப்புற எலும்பு முனையில் விரலை வைத்து, வீரரை மெதுவாக மடக்கி நீட்டச் சொல்லி, எந்தப் புள்ளி விரலுக்கடியில் மிகக் குறைவாக நகர்கிறதோ அங்கே பேனாவால் குறி வைத்து, அதற்குப் பிறகு ஒட்ட வேண்டும். உள்பக்க முனைக்கும் அதேதான். இருபது பேருக்காவது செய்து பார்த்தால்தான் விரலுக்குப் பிடிபடும்.

வைவாவில் என்னை உலுக்கியது ஃபில்டர் கேள்வி. டேட்டாவில் வரும் வேகமான நடுக்கத்தை நீக்கும் பட்டர்வொர்த் ஃபில்டருக்கு எல்லையாக 6 ஹெர்ட்ஸ் வைத்தது ஏன் என்றார்கள். நடைக்கு அப்படித்தான் வைப்பார்கள் என்றேன். “நீங்கள் அளந்தது நடையா?” என்று உடனே அடுத்த கேள்வி. தரையிறங்கும்போது முக்கியமானதெல்லாம் சில பத்து மில்லி விநாடிகளில் முடிந்துவிடும், 6 ஹெர்ட்ஸ் அந்த உச்சியையே தேய்த்துவிடும். வெவ்வேறு எல்லைகளில் ஃபில்டர் செய்து, மூல டேட்டாவிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று வரைந்து பார்த்துத் தேர்ந்தெடுங்கள், அந்தப் படத்தைப் பின்னிணைப்பில் வையுங்கள். கோணங்களை எந்த வரிசையில் பிரித்தீர்கள் என்றும் கேட்பார்கள். முழங்காலுக்கு குரூட் (Grood), சன்டே (Suntay) என்ற இரு ஆய்வாளர்கள் 1983-இல் கொடுத்த முறை, மடக்கம், சாய்வு, சுழற்சி. தோள்பட்டைக்கு இதே வரிசையைக் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள், கை உயரும்போது கணக்கு உடைந்துவிடும்.

மார்க்கர் லேப் கிடைக்காதவர்கள் சோர்ந்துபோக வேண்டாம். உடம்பில் கட்டும், அசைவையும் திருப்பத்தையும் தானே அளக்கும் ஐஎம்யு சென்சார்களோடு மைதானத்துக்கே போகலாம், ஆனால் நேரம் ஆக ஆக கோணம் மெல்ல நழுவும், பக்கத்தில் இரும்பு இருந்தால் சென்சாரின் காந்தமானி குழம்பும். ஸ்டான்ஃபோர்டில் உருவான ஓப்பன்கேப் என்ற மென்பொருள் இரண்டு ஐஃபோன்களை வைத்தே மார்க்கர் இல்லாமல் கோணம் தருகிறது. மடக்கத்துக்கு அது போதும், எலும்பு தன் அச்சில் சுழல்வதை அளக்கத்தான் நான் இன்னும் நம்பமாட்டேன். தலைப்பை இதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள். பந்து வீசும்போது முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிரக் கூடாது என்பது ஐசிசி விதி, அப்படி ஒரு தலைப்பில் ஐந்து டிகிரி பிழை என்றால் ஒரு வீரரின் பிழைப்பையே தொட்டுவிடும்.

சரி, கடைசியாக ஒன்று. வீரரை அசையாமல் நிற்கவைத்து எடுக்கும் பதிவை ஆரம்பத்தில் மட்டும் எடுக்காமல் முடிவிலும் ஒரு முறை எடுங்கள். வியர்வையில் டேப் நகர்ந்திருந்தால் அதில்தான் தெரியும், மார்க்கர்களைக் கழற்றிய பிறகு தெரிந்துகொள்ள வழியே கிடையாது.