திருமறைக்காட்டுத் திருக்கதவின் முன்னே

திருமறைக்காட்டை நான் முதன்முறையாகத் தரிசித்தது 68ஆம் வயதில், சென்ற பங்குனி மாதத்தில். வேதாரண்யம் என்று இன்று வழங்கும் அந்தத் தலத்தைப் பற்றி என் தந்தையார் சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தும், வேலையும் குடும்பக் கடமைகளும் ஒன்று மாற்றி ஒன்று குறுக்கே நின்றதால், முழங்கால் வலி வந்த பிறகுதான் அந்த ஆசை கைகூடியது. காலையில் கோடியக்கரைக்குச் சென்று ஆதிசேதுவில் நீராடி, திரும்பும் வழியில் அகத்தியம்பள்ளியில் இறங்கி அகத்தீசுவரரை வணங்கினேன். சாலையோரத்து உப்பளங்களில் குவித்து வைத்திருந்த உப்பின் வெண்மை, வெயிலில் கண்ணைக் கூச வைத்தது.

மாலையில் மறைக்காட்டீசர் திருக்கோயிலுக்குள் நுழைந்தேன். அகத்தியருக்கு அருளிய திருமணக் கோலத்தைச் சிவலிங்கத்தின் பின்னே கண்டு, யாழைப் பழித்த மொழியாள் என்னும் அழகிய பெயர் கொண்ட அம்பிகையை வணங்கிவிட்டு, நான் எதற்காக வந்தேனோ அந்தத் திருக்கதவின் முன் வந்து நின்றேன். வேதங்கள் பூசித்துத் திருக்காப்பிட்டுச் சென்றதாகவும், பின்னர் எவராலும் திறக்க முடியாமல் அடியார்கள் வேறு வாயில் வழியே சென்று வழிபட்டதாகவும் தலவரலாறு கூறும் கதவு அது. அப்பரும் ஞானசம்பந்தரும் சேர்ந்து இங்கே வந்தபோது, திறக்கப் பாடும்படி, பிள்ளையார் என்று போற்றப்படும் சம்பந்தர் அப்பரை வேண்டினார். அப்பர் பதிகம் பாடினார். கதவு உடனே திறக்கவில்லை. "இரக்கம் ஒன்றிலீர்" என்று அவர் உள்ளம் நொந்து பாடிய பிறகே திறந்தது. தரிசனம் முடிந்து வெளியே வந்ததும், இனி இக்கதவு திறக்கவும் அடைக்கவும் வழக்கில் இருக்கவேண்டும் என்று அடைக்கப் பாடினார் சம்பந்தர். முதல் பாட்டிலேயே கதவு அடைத்துக்கொண்டது.

என் தந்தையார் எனக்கு மனப்பாடம் செய்வித்த முதல் பதிகம் அப்பர் இங்கே பாடிய அதே பதிகம்தான். கதவின் முன் கைகூப்பி, "பண்ணின் நேர்மொழி யாளுமை பங்கரோ" என்று மெல்லிய குரலில் தொடங்கினேன். முதல் பாட்டு தடையின்றி வந்தது. இரண்டாம் பாட்டின் மூன்றாம் அடியில் நா நின்றுவிட்டது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக, குளிக்கும்போதும் நடக்கும்போதும் தானாக வந்துகொண்டிருந்த அடி, அதற்கென்றே உரிய இடத்தில் வரவில்லை. மீண்டும் முதலிலிருந்து தொடங்கினேன். அதே இடத்தில் மீண்டும் நின்றேன்.

"தாத்தா, 'ஆண்டு கொண்டநீ ரேயருள் செய்திடும்'னு வரும்."

திரும்பிப் பார்த்தேன். பதினாறு, பதினேழு வயது இருக்கும். பள்ளிப் பையைத் தூணோரம் வைத்துவிட்டு நின்றிருந்தான். காற்சட்டையின் ஓரத்திலும் கணுக்காலிலும் உப்பு காய்ந்து வெள்ளைக் கோடாகப் படிந்திருந்தது. நான் ஒன்றும் சொல்லாமல் நிற்கவே, எனக்கு உதவுவதாக எண்ணிக்கொண்டு மீதிப் பாட்டுகளையும் பாடிவிட்டான். அண்மையில்தான் உடைந்து கனத்த குரல். ஆனால் எந்த எழுத்தும் தேயவில்லை, மூச்சும் முட்டவில்லை.

உண்மையைச் சொல்லவேண்டும். என் நெஞ்சில் முதலில் எழுந்தது மகிழ்ச்சி அன்று. யாரோ என் கையிலிருந்ததை வாங்கிக்கொண்டதைப் போன்ற ஒரு வலி. அந்த வலியோடு கதவைப் பார்த்தபோதுதான், அன்றிரவு அப்பர் உறங்காமல் கிடந்ததன் பொருள் எனக்கு விளங்கியது. தமக்கு அரிதாய்த் திறந்த கதவு பிள்ளையாருக்கு எளிதாய் அடைத்துக்கொண்டதே என்று அவர் வருந்தினார். அப்பர் என்று தம்மை முதன்முதலில் அழைத்த பிள்ளை, பின்னாளில் தாம் பல்லக்குச் சுமக்கவிருந்த பிள்ளை; அவரிடம் அன்பில் குறைவேது? ஆயினும் வலித்தது. இதுவரை வரலாற்றின் அந்த இடத்தை நான் ஏனோ விரைவாகவே கடந்து வந்திருக்கிறேன்.

பிராகாரத்தில் இருவரும் அமர்ந்தோம். தந்தை உப்பளத்தில் வேலை செய்கிறார் என்றும், விடுமுறை நாட்களிலும் சில மாலைகளிலும் தானும் உப்பு வாரப் போவதுண்டு என்றும், கோயிலில் ஓதுவார் பாடுவதைக் கேட்டுக் கேட்டே பதிகங்கள் பாடமாயின என்றும் சொன்னான். மாசிப் பெருவிழாவில் கதவு திறந்து அடைக்கும் ஐதீகத்தைச் சிறு வயது முதல் ஆண்டு தவறாமல் பார்க்கிறானாம்.

"அதுக்கப்புறம் அப்பர் எங்கே போனார், தெரியுமா தம்பி?" என்று கேட்டேன். தெரியாது என்றான். கனவில் இறைவன் தோன்றித் திருவாய்மூருக்கு அழைத்ததையும், எட்டிப் பிடிக்க முடியாதபடி அவன் முன்னே செல்ல அப்பர் பின்தொடர்ந்ததையும், அங்கே அவன் மறைந்துகொண்டதையும் சொன்னேன். சம்பந்தர் பின்னாலேயே வந்து சேர்ந்தபோது அப்பர் பாடிய பாட்டு என் நாவில் ஒரு சொல்கூடத் தடுக்காமல் வந்தது.

"திறக்கப் பாடிய என்னினுஞ் செந்தமிழ்
உறைப்புப் பாடி அடைப்பித்தா ருந்நின்றார்
மறைக்க வல்லரோ தம்மைத் திருவாய்மூர்ப்
பிறைகொள் செஞ்சடை யாரிவர் பித்தரே."

"தன்னைவிட உறுதியாப் பாடினவர் அதோ நிக்கிறார்னு அவரே சொல்றாரா, தாத்தா?"

"ஆமாம். எனக்கு ஒளிந்தது போல அவருக்கு ஒளிய முடியுமா என்று இறைவனிடமே கேட்கிறார்."

பிறகு நடந்ததையும் கேட்டான். இறைவன் சம்பந்தருக்குத் தன் ஆடல் கோலத்தைக் காட்டியதையும், அந்தக் காட்சியைச் சம்பந்தர் அப்பருக்குக் காட்டியதையும் சொன்னேன். பையன் சிறிது நேரம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். பின்னர் பையிலிருந்து கணக்கு நோட்டை எடுத்து, கடைசிப் பக்கத்தில் எழுதத் தொடங்கினான். "உறைப்புக்கு எந்த 'ற', தாத்தா?" என்று கேட்டான். சொன்னேன்.

விளக்கேற்றும் நேரமாயிற்று. வேதாரண்யம் விளக்கழகு என்பார்கள். திரி தூண்டிய எலிக்கு மறுபிறப்பில் அரசாட்சி அருளிய தலம் இது. எழுந்தபோது முழங்கால் பிடித்துக்கொண்டது. உயரமான நிலைப்படியைக் கடக்க அவன் என் முழங்கையைத் தாங்கினான். உப்பில் வெடித்த உள்ளங்கை சொரசொரவென்று இருந்தது. உள்ளே தீபாராதனைக்கு மணி அடித்தது. முதல் அடியை நான் எடுத்துக்கொடுக்க, இரண்டாம் அடியிலிருந்து இருவரும் சேர்ந்து பாடினோம்.