பிளெண்டரில் ஒரு சிதறுதேங்காய்

பிள்ளையார் சதுர்த்தி வாழ்த்துக்காக பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ஒரு சின்ன அனிமேஷன் செய்ய உட்கார்ந்தேன். கொழுக்கட்டை, எருக்கம்பூ மாலை எல்லாம் நிறையப் பேர் செய்துவிட்டார்கள். எனக்குச் சிதறுதேங்காய்தான் வேண்டும். ஓங்கி வீசியது கல்லில் பட்டுத் தெறிக்க வேண்டும், கூடவே தண்ணீரும் சிதற வேண்டும். மொத்தம் மூன்றே நொடி. மூன்று வாரமாக அதில்தான் இருக்கிறேன்.

உருவம் செய்வது ஒரு சாயங்கால வேலை. 12 சென்டிமீட்டர் உருண்டையைக் கொஞ்சம் நீட்டி, சொலிடிஃபை போட்டு ஓட்டுக்குத் தடிமன் கொடுத்து, மூன்று கண்ணும் குடுமியும் வைத்தேன். உடைக்க, பொருளைத் துண்டு துண்டாக வெட்டித் தரும் செல் ஃபிராக்சர் என்ற துணைநிரல். பிளெண்டர் 4.2 முதல் அது கூடவே வருவதில்லை, எக்ஸ்டென்ஷன்ஸ் தளத்திலிருந்து தனியாக இறக்க வேண்டும். 40 துண்டு. எல்லாவற்றுக்கும் ரிஜிட் பாடி, அதாவது கெட்டிப் பொருளாக விழுந்து மோதும் தன்மை. துண்டுகள் வளைந்தவை என்பதால் கொலிஷன் வடிவமாக (மோதலைக் கணக்கிடும் உருவம்) மெஷ், அதாவது துண்டின் அசல் வடிவம், என்று தேர்ந்தெடுத்து, பிளே அழுத்தினேன்.

கீழே விழுவதற்கு முன்பே, இரண்டாவது ஃபிரேமில், அந்தரத்தில் வெடித்தது.

இதற்குக் காரணம் கண்டுபிடிக்க நான்கு ராத்திரி போனது. கொலிஷன் மார்ஜின் என்று ஓர் எண் உண்டு, ஒவ்வொரு பொருளைச் சுற்றியும் கண்ணுக்குத் தெரியாத ஓர் உறை. அதன் இயல்பு மதிப்பு 0.04 மீட்டர், அதாவது 4 சென்டிமீட்டர். என் தேங்காயே 12 சென்டிமீட்டர்தான்! ஒட்டி நிற்கும் 40 சில்லுகளுக்கும் ஆளுக்கு 4 சென்டிமீட்டர் உறை போட்டால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு சிதறாமல் என்ன செய்யும்? பிளெண்டருக்குள் இந்த வேலையைச் செய்வது புல்லட் என்ற இயற்பியல் நூலகம். மேசை, பெட்டி அளவுப் பொருள்களில் அது நன்றாக நடக்கும், சின்னச் சாமான்களில் தடுமாறும்.

மெஷ்ஷை விட்டுவிட்டு குழிவுகளை மூடிப் போர்த்திய எளிய வடிவமான கான்வெக்ஸ் ஹல்லுக்கு மாறி, மார்ஜினைப் பூஜ்யமாக்கி, காட்சி முழுவதையும் பத்து மடங்கு பெரிதாக்கினேன். பெரிதாக்கியதும் கன்ட்ரோல் ஏ அழுத்தி ஸ்கேலை அப்ளை செய்ய, அதாவது புதிய அளவையே அசல் அளவாகப் பதிய, மறக்காதீர்கள். வெடிப்பு நின்றது. ஆனால் தேங்காய் பஞ்சு மாதிரி மிதந்து இறங்கியது. கணக்குப் போட்டதும் புரிந்தது. 1.5 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு பொருள் விழ 0.55 நொடி, 24 ஃபிரேம் வேகத்தில் 13 ஃபிரேம். உயரம் 15 மீட்டரானால் 1.75 நொடி, 42 ஃபிரேம். ஆக, கிராவிட்டியும் பத்து மடங்காக வேண்டும், 9.81 இருந்த இடத்தில் 98.1. போட்டதும் தேங்காய்க்குக் கனம் வந்துவிட்டது. இந்த மூன்று வாரத்தில் எனக்கு மிகவும் பிடித்த கணம் அதுதான்.

வேகம் கூடியதால் சில துண்டுகள் தரையைத் துளைத்துக்கொண்டு போயின. தரைக்குத் தடிமன் கொடுத்து, சப்ஸ்டெப்ஸை, அதாவது ஒரு ஃபிரேமுக்குள் எத்தனை தடவை கணக்கிடுவது என்ற எண்ணை, 10-லிருந்து 40 ஆக்கினேன். சரியானது.

அடுத்த சிக்கல், வீசிய வேகம் மோதலில் தெரியவில்லை. மண்பானை சரிவது போல அங்கேயே குவிந்தது. மோதும் ஃபிரேம் வரை ரிஜிட் பாடியில் அனிமேட்டட் பெட்டியை டிக் செய்து வைத்து, அதன் பிறகு எடுத்துவிடும்படி கீஃபிரேம் (எந்த ஃபிரேமில் எந்த மதிப்பு என்ற குறி) வைத்தால், அதுவரை நாம் கொடுத்த அசைவின் வேகத்தோடு சிமுலேஷன் தொடங்குகிறது. பவுன்ஸ், அதாவது துள்ளும் அளவு, விஷயத்தில் ஒன்று: சில்லுக்கு மட்டும் கொடுத்தால் போதாது, தரைக்கும் கொடுக்க வேண்டும். இரண்டையும் பெருக்கித்தான் பலன் வரும், ஒன்று பூஜ்யமென்றால் எல்லாமே பூஜ்யம்.

ஆனாலும் கண்ணாடி உடைவது போலத்தான் இருந்தது. கடைசியில் போனை எடுத்துக்கொண்டு தெருமுனைப் பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். வேண்டுதலுக்கு உடைக்க வந்தவரிடம் கேட்டுக்கொண்டு 240 ஃபிரேம் ஸ்லோமோஷனில் பிடித்தேன். முதலில் இதைச் செய்திருக்க வேண்டும். சில்லுகள் வானத்துக்குப் போவதே இல்லை, தரையோடு தரையாக வழுக்கி ஓடுகின்றன. அடிபட்ட பக்கம் பொடிச் சில்லு, எதிர்ப்பக்கம் அரைமூடி அளவுக்குப் பெரிய துண்டு. முதுகு கீழே விழுந்த சில்லு தொட்டில் மாதிரி ஆடி ஆடித்தான் நிற்கிறது. தண்ணீரோ எல்லாவற்றுக்கும் முந்தி, தகடு போலத் தரையை ஒட்டி விரிகிறது.

அடிபடும் இடத்தில் மட்டும் நெருக்கமாகப் பார்ட்டிகிள் என்ற சிறு துகள்களைத் தூவி, அவற்றையே செல் ஃபிராக்சருக்குப் புள்ளிகளாகக் கொடுத்து மறுபடி உடைத்தேன். பொடியும் பெருந்துண்டும் வந்துவிட்டன. சீக்கிரம் அடங்கட்டும் என்று முன்பு நான் கூட்டி வைத்திருந்த, சுழற்சியைத் தணிக்கும் ரொட்டேஷன் டாம்பிங்தான் தொட்டிலாட்டத்தைக் கொன்றிருந்தது. பழையபடி 0.1-க்கு இறக்கியதும் சில்லுகள் ஆட ஆரம்பித்தன.

தண்ணீருக்கு முதலில் ஃப்ளூயிட் சிமுலேஷன் முயன்றேன். என் லேப்டாப் தாங்கவில்லை. சாதாரணப் பார்ட்டிகிளுக்குத் திரும்பினேன்: 3000 துளி, இரண்டே ஃபிரேமில் எல்லாம் வெளியே. தரையைக் கடந்து போய்க்கொண்டே இருந்தன. ரிஜிட் பாடி தரை பார்ட்டிகிளுக்குத் தரை அல்ல, கொலிஷன் தனியாகச் சேர்க்க வேண்டும். துளியின் வேகத்துக்கும் அதே பத்து மடங்குக் கணக்கு: நிஜத்தில் நொடிக்கு 2 மீட்டர் என்றால் இங்கே 20. தரையில் ஈரத்தடம் விழ டைனமிக் பெயின்ட் வைத்தேன், ஒன்றும் தெரியவில்லை. ஈரம் பதிவது மூலைப் புள்ளிகளில்தான், நான்கு மூலை மட்டும் உள்ள தரையில் எங்கே நனையும்? நன்றாகச் சப்டிவைட் செய்து சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்ததும் ஈரம் படர்ந்தது.

மிச்சம் இருப்பது வெட்டுமுகம். நிஜச் சில்லின் ஓரத்தில் வெள்ளைப் பருப்புக்கும் ஓட்டுக்கும் நடுவே மெல்லிய பழுப்புத் தோல் ஒன்று தெரியும். என்னுடையதில் வெள்ளை நேராக ஓட்டில் போய் முட்டுகிறது. அதைக் கொண்டுவராமல் ரெண்டர் போட மனம் வரவில்லை. நாளைக்கு ஒரு தேங்காயை உடைத்து, ஓரத்தைக் கிட்டத்தில் படம் எடுத்துவிட்டு உட்காரப் போகிறேன்.