300 மி.மீ. லென்ஸும் கைமாறிய நிறுவனமும்: சுங்கை சிப்புட் நாட்குறிப்பு

7 பிப்ரவரி 2025, வெள்ளி

ஒலிம்பஸின் வாரிசான ஓஎம் சிஸ்டம் நேற்று ஓஎம்-3 என்ற கேமராவை அறிவித்திருக்கிறது. வெளித்தோற்றம் ஃபிலிம் காலத்தை நினைவூட்டுகிறது. உள்ளே இருப்பது சென்ற ஆண்டு வந்த ஓஎம்-1 மார்க் 2-இன் 20 மெகாபிக்சல் சென்சார்தான். தோட்ட அலுவலகத்தில் சம்பளப் பட்டியலை முடித்துவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் அதன் விவரங்களைப் படித்தேன். அழகான கேமராதான், ஆனால் என் யோசனை வேறு. ஈப்போவில் ஒருவர் தம்முடைய ஒலிம்பஸ் 300 மி.மீ. எஃப்/4 லென்ஸை 6,000 ரிங்கிட்டுக்குச் சற்று மேல் விலை சொல்லி விற்கிறார். 2016-இல் வந்த இ-எம்1 மார்க் 2 கேமராவையும் சில லென்ஸ்களையும் வைத்திருக்கும் நான், தள்ளாடுகிறது என்று எல்லாரும் சொல்லும் இந்த மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் மவுண்டிலேயே (கேமராவில் லென்ஸ் பொருந்தும் அமைப்பு) மேலும் பணத்தைப் போடுவதா, இருப்பதை விற்றுவிட்டுப் பெரிய சென்சார் கொண்ட ஃபுல் ஃபிரேமுக்குப் போவதா என்று முடிவு செய்தாக வேண்டும்.

9 பிப்ரவரி, ஞாயிறு

மச்சான் வந்திருந்தார். அவர் சோனிக்கு மாறியவர். "கம்பெனியே கைமாறிப் போச்சு, இன்னும் அதிலேயே காசு போடுறீங்களா மச்சான்?" என்று கேட்டார்.

கைமாறியது உண்மை. மூன்று நிதியாண்டுகள் தொடர்ந்து நட்டம் கண்ட கேமராப் பிரிவை விற்கப் போவதாக ஒலிம்பஸ் 2020 ஜூனில் அறிவித்தது; 2021 ஜனவரியில் அது ஜப்பான் இண்டஸ்ட்ரியல் பார்ட்னர்ஸ் என்ற முதலீட்டு நிறுவனத்தின் கைக்குப் போய், ஓஎம் டிஜிட்டல் சொலூஷன்ஸ் ஆனது. சோனியிடமிருந்து 2014-இல் வாயோ கணினிப் பிரிவை வாங்கியவர்களும் இவர்கள்தாம். வாயோ இன்றும் கணினி விற்கிறது என்பது எனக்குச் சிறிய ஆறுதல். நட்டமும் ஒரு நிறுவனத்துக்கு மட்டும் வந்ததன்று. 2010-இல் ஜப்பானிய நிறுவனங்கள் 120 மில்லியனுக்கும் மேற்பட்ட டிஜிட்டல் கேமராக்களை அனுப்பின. கைப்பேசி வந்து, 2020-இல் அந்த எண்ணிக்கை 9 மில்லியனுக்கும் கீழே இறங்கிவிட்டது.

மச்சான் சாம்சங் என்எக்ஸையும் நிக்கான் 1-ஐயும் எடுத்துக்காட்டினார். சாம்சங் 2014-இல் என்எக்ஸ்1 என்ற அருமையான கேமராவை வெளியிட்ட சில காலத்திலேயே சந்தையை விட்டுப் போனது. 2011-இல் வந்த நிக்கான் 1 வரிசை 2018-இல் நின்றது. ஆனால் அந்த மவுண்டுகளில் கேமரா செய்தவர் ஒருவரே. அவர் போனால் கதை முடிந்தது. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 2008-இல் ஒலிம்பஸும் பேனசோனிக்கும் சேர்ந்து அறிவித்த மவுண்ட். பேனசோனிக் 2023-இல் ஜி9 மார்க் 2-ஐயும் 2024-இல் ஜிஎச்7-ஐயும் வெளியிட்டது. ஓஎம் நாளை கதவைச் சாத்தினாலும் இந்த லென்ஸ் அவற்றில் வேலை செய்யும். லென்ஸும் கேமராவும் சேர்ந்து கை நடுக்கத்தை அடக்கும் வசதி மட்டும் கிடைக்காது. பேனசோனிக்கும் 2018-இலிருந்து எல்-மவுண்ட் ஃபுல் ஃபிரேமின் பக்கம் சாய்ந்திருப்பதை நான் மறக்கவில்லை.

12 பிப்ரவரி, புதன்

நேற்றுத் தைப்பூசம், ஈப்போ கல்லுமலைக் கோயிலில் விடியுமுன்பே காவடிகளைப் படம் எடுத்தேன். ஃபுல் ஃபிரேமில் கால் பங்குப் பரப்புள்ள என் சென்சார் எங்கே தோற்கும் என்பதை அந்த இருட்டு காட்டிவிடும். நின்று கும்பிடுகிறவரை எவ்வளவு மெதுவான ஷட்டரிலும் எடுக்கலாம். ஆனால் கேமரா அடக்குவது என் கை நடுக்கத்தைத்தான், ஆடுகிறவரின் ஆட்டத்தை அன்று. ஒளியுணர்வை ஐஎஸ்ஓ 6400-க்கு ஏற்றியதில் முகங்களின் நிழல் பகுதியெல்லாம் புள்ளி தட்டிவிட்டது. பக்கத்தில் மச்சான் எடுத்தவை தெளிவாக இருந்தன. மண்டபத் திருமணத்துக்கும் இதே கதைதான்.

16 பிப்ரவரி, ஞாயிறு

செம்பனைத் தோட்டங்களில் எலிகளைக் கட்டுப்படுத்தக் கூகைகளுக்குக் கம்பத்தின் மேல் பெட்டி கட்டி வைப்பது பழைய வழக்கம். எங்கள் இரண்டாம் டிவிஷனில் உள்ள பெட்டி ஒன்றில் இப்போது ஒரு சோடி இருக்கிறது. பொழுது சாய்ந்ததும் வெண்ணிறமான இதயவடிவ முகம் ஒன்று துளையில் தோன்றும், வெகுநேரம் அசையாது, பிறகு நாம் விரலை அழுத்துவதற்குள் பறந்துவிடும். ஷட்டரைப் பாதி அழுத்தியிருக்கும்போதே படங்களைப் பிடித்து வைத்து, முழுக்க அழுத்தியதும் முந்தைய 14 படங்களையும் சேர்த்துத் தரும் புரோ கேப்சர் என் கேமராவில் இருப்பதால், இறக்கை விரியும் கணம் கிடைக்கிறது. கிடைக்காதது வெளிச்சம். என் 75-300 லென்ஸ் கடைசி முனையில் எஃப்/6.7 வரைதான் திறக்கும் (இந்த எண் சிறிதாக இருந்தால் வெளிச்சம் அதிகம்). எஃப்/4 என்றால் ஏறத்தாழ ஒன்றரை ஸ்டாப் லாபம்; ஒரு ஸ்டாப் என்பது இரு மடங்கு வெளிச்சம்.

ஃபுல் ஃபிரேமில் இந்த 300-இன் பார்வைக்கோணத்தைத் தரும் 600 மி.மீ. எஃப்/4 லென்ஸின் எடை 3 கிலோ. விலை ஒரு பெரோடுவா ஆக்சியா காரைத் தாண்டும். மச்சான் சொல்வது அதையன்று, சோனி 200-600 லென்ஸை. அதன் எஃப்/6.3-ஐப் பெரிய சென்சாரோடு சேர்த்துக் கணக்குப் போட்டால், நான் வாங்க நினைக்கும் லென்ஸைவிட மூன்றில் இரண்டு பங்கு ஸ்டாப் அளவுக்கு அதுவே மேல். ஆகவே வெளிச்சத்தின் பெயரால் என் பக்கத்தை நியாயப்படுத்த முடியாது. மிஞ்சுவது எடையும் பணமும். என் கேமராவும் 300-உம் சேர்ந்து 2 கிலோ. அவருடையவை 3 கிலோவை நெருங்கும். செம்மண் பாதையில் மோட்டார் சைக்கிளில் தோளில் மாட்டிக்கொண்டு போகிறவனுக்கு அந்த ஒரு கிலோ சாதாரணமன்று.

22 பிப்ரவரி, சனி

ஈப்போவில் லென்ஸைப் பார்த்தேன். நம் நாட்டு ஈரப்பதத்தில் முதலில் பார்க்க வேண்டியது பூஞ்சை. இரு மூடிகளையும் கழற்றி, பின்புறத்திலிருந்து டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, கண்ணாடிகளின் ஓரங்களில் மெல்லிய வெண்ணிழைகள் ஓடுகின்றனவா என்று தேடினேன். சில தூசிகள் மட்டுமே தெரிந்தன. மவுண்டைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் வெடிக்கவில்லை. அவர் லென்ஸை வைத்திருந்த டிரை கேபினெட்டின் ஈரப்பத முள் 45 விழுக்காட்டில் நின்றது. நிக்கானுக்கு மாறுவதால் விற்கிறாராம். "நீங்க ஆசையா வந்திருக்கீங்க, 6,000-க்கே எடுத்துக்குங்க சார்" என்றார். புதிய லென்ஸின் விலையிலிருந்து விழ வேண்டியது பெரும்பாலும் அவர் கையிலேயே விழுந்துவிட்டது. நான் திரும்ப விற்றாலும் இதே அளவு இழக்க மாட்டேன்.

1 மார்ச், சனி

லென்ஸை வாங்கிவிட்டேன். ஓஎம்-3 வாங்கவில்லை. கண்ணாடி பல ஆண்டுகள் தாங்கும். கேமராவும் பேட்டரியும் தாங்கா. என் கேமராவின் பிஎல்எச்-1 பேட்டரி, ஓஎம்-1 முதல் வந்தவற்றில் பொருந்தாது. அதனால் கடையில் இருக்கும்போதே அசல் பேட்டரிகள் இரண்டை வாங்கி வைத்தேன். இந்த கேமரா போனால், பழைய ஓஎம்-1 ஒன்றைத் தேடுவேன். புதிய விலை கொடுத்து இந்த மவுண்டில் இனி எதையும் வாங்குவதாக இல்லை. மண்டபத் திருமணங்களை மச்சானிடம் விட்டுவிட்டேன். அவருக்கும் அதில் மகிழ்ச்சிதான்.

75-300 லென்ஸைத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார். அவரிடம் இருப்பது பழைய பேனசோனிக் கேமரா. நாளை கொண்டுபோய் அதில் மாட்டிப் பார்த்துவிட்டு விலை பேச வேண்டும்.