பி.பள்ளிப்பட்டி போகும் வழியில் லூக்கா மூன்றாம் அதிகாரம்

திருத்தலத்துக்குப் புறப்படும்போது மாற்றுத்துணி, மெழுகுவர்த்தி எல்லாம் மறக்காமல் எடுத்து வைக்கிறோம். மனதுக்கு என்ன எடுத்து வைப்பது என்று யோசித்து, கிறிஸ்துமஸுக்கு முந்தைய இந்தத் திருவருகைக் காலத்தில் லூக்கா நற்செய்தி மூன்றாம் அதிகாரத்தைத் தேர்ந்துகொண்டேன். இயேசுவின் வருகைக்கு மக்களை ஆயத்தப்படுத்திய திருமுழுக்கு யோவான் பாலைநிலத்தில் பேசும் பகுதி அது.

சேலத்தில் ரயில் ஏறினோம். டேனிஷ்பேட்டை, லோக்கூர் பக்கம் இருபுறமும் மலை நெருங்கி வரும். அந்த இடத்தில்தான் வாசிக்கத் தொடங்கினேன். பள்ளத்தாக்குகள் நிரப்பப்படும், மலைகள் தாழ்த்தப்படும், கோணலானவை நேராகும். பாபிலோனில் அடிமைப்பட்டுக் கிடந்த மக்களுக்கு ஆறுதலாகப் பழைய ஏற்பாட்டின் எசாயா நூலில் வரும் வரிகள் இவை. லூக்கா அவற்றை யோவானுக்குப் பொருத்துகிறார். தேர்பவனிக்கு முன்னால் தெருக்குழியில் மண் கொட்டி மூடுகிறோமே, அப்படி ஆண்டவர் வருவதற்கு உள்ளே பாதை போடும் வேலை.

நம் குறைகளை நாமே ஆராயும் ஆன்ம சோதனை என்றதும் என் மனம் மலையைத்தான் தேடும். ஆணவம், கோபம், பிடிவாதம் என்று வெட்டிக் குறைக்க வேண்டியவை. ஆனால் வசனம் பள்ளத்தில்தான் தொடங்குகிறது. பக்கத்தில் இருந்த மனைவியிடம் அதைக் காட்டினேன்.

"எனக்கு மலை இல்லைங்க, பள்ளம்தான்" என்றாள்.

அம்மா இறந்த பிறகு அவள் ஜெபமாலையைத் தொடவில்லை. அதைப் பாவம் என்று நான் எண்ணியதில்லை. ஆனாலும் பள்ளம் பள்ளம்தானே. அதை மண்வெட்டியால் வெட்ட முடியாது, யாராவது கொண்டுவந்து நிரப்ப வேண்டும். நிரப்பப்படும் என்றுதான் வசனமும் சொல்கிறது. எனக்கு இந்தப் பயணத்தில் கிடைத்த பெரிய வெளிச்சம் இதுதான்.

பொம்மிடியில் இறங்கிப் பள்ளிப்பட்டி லூர்து அன்னை ஆலயத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். 1997-இல் சேலத்திலிருந்து பிரிந்த தர்மபுரி மறைமாவட்டத்தில், மக்கள் தேடி வரும் திருத்தலம் இது. மனைவி மாதாவின் குகையான கெபிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். நான் ஃபாதரிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்துக்குக் காத்திருந்த நேரத்தில் மீதி வசனங்களைப் படித்தேன்.

பலரும் ஆறாம் வசனத்தோடு நிறுத்திவிடுவார்கள். உண்மையான ஆயத்தம் பத்தாம் வசனத்தில் இருக்கிறது. "நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" என்று கூட்டம் கேட்கிறது. யோவான் நோன்பையோ நீண்ட ஜெபத்தையோ சொல்லவில்லை. இரண்டு அங்கி வைத்திருப்பவர் இல்லாதவரோடு பகிரட்டும் என்கிறார். வரி தண்டுவோர் விதித்ததற்கு மேல் வாங்கக் கூடாது. படைவீரர் யாரையும் மிரட்டிப் பணம் பறிக்கக் கூடாது, கிடைக்கும் சம்பளம் போதும் என்றிருக்க வேண்டும். அவரவர் தொழிலுக்குள்ளேயே மனமாற்றம்! படிக்கப் படிக்க, என் தொழிலைப் பற்றிக் கேட்டால் யோவான் என்ன சொல்லியிருப்பார் என்ற கேள்வி எழுந்தது. பதில் உடனே தெரிந்தது. அதைத்தான் ஃபாதரிடம் சொன்னேன்.

பிப்ரவரி 11 லூர்து அன்னை திருவிழாவுக்கு வருகிறவர்கள் மூன்றாம் வசனம் முதல் பதினான்கு வரை முழுவதும் வாசித்துவிட்டு வாருங்கள். பத்து நிமிடம்கூட ஆகாது. முடிந்தால் கூட வருபவரிடம், உங்களுக்கு மலையா, பள்ளமா என்றும் கேளுங்கள்.