சமூகப்பணிக் கல்வி: களப்பயிற்சி சறுக்கும் இடம்

இந்தியாவில் சமூகப்பணிக்கென்று முதல் கல்விக்கூடம் 1936இல் பம்பாயில் வந்தது. பணம் டாடா அறக்கட்டளையுடையது. இயக்குநர் கிளிஃபர்ட் மான்ஷார்ட், அமெரிக்க மிஷனரி. பாடத்திலும் அமெரிக்கச் சாயல்தான். 1952இல் சமூக சேவகர் மேரி கிளப்வாலா ஜாதவ் முயற்சியால் சென்னைக்கும் அப்படியொரு கல்விக்கூடம் வந்தது.

அந்தச் சாயலில் வந்த தனிநபர் பணி (ஒருவரோடு தனியாகப் பேசி அவர் சிக்கலைத் தீர்க்க உதவுவது) அவசியமே. ஆனால் ரேஷன் கார்டே இல்லாத குடும்பத்துக்கு ஆலோசனை மட்டும் சொல்லி என்ன பயன்?

இன்றும் சறுக்குவது களப்பயிற்சியில். அட்டவணையில் வாரம் இரண்டு நாள் இருக்கும். போகும் இடத்தில் வழிகாட்ட ஆள் இருக்காது. மாணவர் பதிவேடு நிரப்புவார், விழாவுக்கு நாற்காலி போடுவார் (சான்றிதழ் மட்டும் தவறாமல் கிடைக்கும்!). ஆசிரியர்களே, இடம் ஒதுக்கும் முன்பே கேளுங்கள்: மேற்பார்வை யார், வாரம் ஒருமுறை தனியாக உட்கார்ந்து பேசுவாரா, மாணவர் கையில் எந்த கேஸ், அதாவது எந்த நபர் அல்லது குடும்பம்? களக்குறிப்பில் வெறுமனே 'விழிப்புணர்வு ஏற்படுத்தினேன்' என்றிருந்தால் திருப்பிக் கொடுங்கள். யாரிடம், என்ன பேசினார், அடுத்து என்ன என்று எழுதி வரட்டும்.