மெயில் வர்ற வரைக்கும்

மார்ச் 4
நர்சிங் காலேஜ்ல எடம் கெடைச்சுதான்னு சொல்ற மெயில் இன்னைக்கும் வரல.

மார்ச் 5
காலைல இருந்து 22 பேஷண்ட். பிபி, வெயிட், மாத்திரை லிஸ்ட், எல்லாம் டைப் பண்ணி ரூம்ல உக்கார வெச்சு அடுத்த ஆள கூப்புட்டு. ஒரு தாத்தா கெளம்பறப்ப தேங்க்ஸ் நர்ஸ்னாரு. நான் மெடிக்கல் அசிஸ்டன்ட்னு சொன்னேன், சொல்லித்தான் ஆகணும், டெக்சாஸ்ல லைசன்ஸ் இல்லாதவங்க நர்ஸ்னு சொல்லிக்கக் கூடாது. அம்மாகிட்ட மட்டும் இன்னும் சொல்லல. எம்பொண்ணு அமெரிக்காவுல நர்ஸுன்னு மதுரையில தெரு பூரா சொல்லி வெச்சிருக்கு.

மார்ச் 8
தூக்கம் வரல. இந்த வேலையே போதும்னு வீட்டுக்காரர் சொல்றதும் சரிதான். 5 மணிக்கு முடியுது, சனி ஞாயிறு லீவு, பாப்பாவ பாத்துக்க ஆள் தேட வேணாம், ஆஸ்பத்திரி நர்ஸ்னா 12 மணி நேர ஷிப்ட், நைட் வேற. ஆனா அரசாங்கக் கணக்குப்படி 2024ல சம்பள வரிசைல நடுவுல இருக்கற மெடிக்கல் அசிஸ்டன்டுக்கு வருஷத்துக்கு 44,200 டாலர், ரிஜிஸ்டர்டு நர்ஸுக்கு 93,600. காசு மட்டும்னா இவ்ளோ மல்லுக்கட்ட மாட்டேன். வயித்தெரிச்சல் என்னன்னா, 10 மாசம் அசிஸ்டன்ட் கோர்ஸ்ல படிச்ச அனாட்டமி இந்த காலேஜ் நர்சிங்குக்கு செல்லாது, திரும்ப ரெண்டு செமஸ்டர் அனாட்டமி, மைக்ரோபயாலஜி, அப்பறம் டீஸ்னு (TEAS) நர்சிங் நுழைவுப் பரீட்சை, 209 நிமிஷத்துல 170 கேள்வி, எல்லாம் முடிச்சுத்தான் அப்ளை பண்ண முடிஞ்சுது. முதல் படின்னு நெனச்சுத்தான் அந்தக் கோர்ஸ்ல சேந்தேன். யாராச்சும் அப்பவே சொல்லியிருக்கலாம்.

மார்ச் 9
வரல.

மார்ச் 11
போன்ல ஒரு அம்மா. நேத்துலருந்து நெஞ்சு லேசா இறுக்குது, எதுக்களிப்புதான்னு நெனக்கிறேன், நாளைக்கு டாக்டர பாக்க முடியுமான்னாங்க. நாளைக்கு வரைக்கும் விடற விஷயம் இல்லன்னு எனக்குத் தெரியுது, ஆனா அத முடிவு பண்ணி சொல்ற எடத்துல நான் இல்ல. லைன்லயே வெச்சுக்கிட்டு நர்ஸக் கூப்புட்டேன். எப்ப ஆரம்பிச்சது, கைக்குப் பரவுதா, வேர்க்குதா, சுகர் இருக்கான்னு நாலே கேள்வி, உடனே அவசர உதவிக்கு 911 கூப்புடச் சொல்லிட்டாங்க. அந்த நாலு கேள்வியும் எனக்கும் தெரியும். லைசன்ஸ் அவங்ககிட்ட இருக்கு. வீட்டுக்கு வந்தும் கை நடுக்கம் நிக்கல.

மார்ச் 12
அந்தம்மா என்ன ஆனாங்கன்னு தெரியல.

மார்ச் 14
எங்க கிளினிக்ல ஒரு அக்கா 15 வருஷமா மெடிக்கல் அசிஸ்டன்ட். யாருக்கும் கெடைக்காத நரம்பு அவங்க விரல் வெச்சா கெடைச்சிரும். நர்சிங் போகணும்னு அவங்க நெனச்சதே இல்லயாம், அவங்கள மாதிரி நிம்மதியா இருக்க எனக்கு ஏன் முடியல. அந்த போன் கால்தான் திரும்பத் திரும்ப வருது.

மார்ச் 15
அம்மாகிட்ட சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்பறம், "ஊசி போடுவியா மாட்டியாடி?"
போடுவேம்மா.
"பெறகென்ன."
போன வெச்சுட்டு அழுதேன்.

மார்ச் 17
மெயில் வந்துச்சு. வெயிட்லிஸ்ட், 6வது ஆள். அவர்கிட்ட இன்னும் சொல்லல.