வெறுங்கால்

காவேரிப்பட்டணத்திலிருந்து ஜெர்மனிக்கு வந்த முதல் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காலிப் பாட்டில்களைத் தெருமுனைத் தொட்டியில் போட்டுக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு முதியவர் வெளியே வந்து, விழுந்த ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒரு முறை கத்தினார். ஞாயிறு இங்கே சட்டப்படியே ஓய்வுநாள் என்பதும், பொதுவாக இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை சத்தம் கூடாது என்பதும் பிறகுதான் தெரிந்தன. அன்றிரவே அம்மாவிடம் தொலைபேசியில், "இங்கே எல்லாருமே சிடுமூஞ்சிங்கம்மா" என்று சொல்லிவிட்டேன். மாடிப்படியில் பார்க்கும்போதெல்லாம் வணக்கம் சொன்ன பதினோரு குடும்பங்கள் என் கணக்கில் வரவேயில்லை.

ஊரிலும் இதே கதைதான். கிருஷ்ணகிரியில் நெடுஞ்சாலைகள் கூடுவதால் எங்கள் பக்கம் வடநாட்டு லாரிகளுக்குக் குறைவில்லை. பட்டறைக்கு அடிக்கடி வந்த பஞ்சாப் ஓட்டுநர் ஒருவர் டீயைத் தொடமாட்டார். சொம்பு நிறையப் பாலை வாங்கி நின்றபடியே குடித்து முடிப்பார். பஞ்சாபில் டீயே கிடையாது என்று எங்கள் தெரு முடிவுகட்டியது. அவருடைய ஊர்க்காரர்கள் அதே கடையில் டீ குடித்ததையும் நாங்கள்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

1976இல் ஹாமில்டன், கிஃபோர்டு என்ற உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வொன்றில், இரண்டு குழுவினர் செய்தவை என்று சொல்லி 39 செயல்களைச் சிலரிடம் படிக்கக் கொடுத்தார்கள். பெரிய குழுவினர் செய்தவை 26, சிறிய குழுவினர் செய்தவை 13. நல்லதும் கெட்டதும் முன்னதில் 18க்கு 8, பின்னதில் 9க்கு 4, அதாவது விகிதம் ஒன்றே. ஆயினும் படித்தவர்கள் கெட்ட செயல்களைச் சிறிய குழுவின் தலையில்தான் கூடுதலாக ஏற்றினார்கள். அரிதாகக் காணும் ஆட்களும் அரிதாக நடக்கும் செயலும் சேரும்போது அது மனத்தில் தனியாகத் தைத்துவிடுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

இதைப் படித்தபோது என் கால்கள்தான் நினைவுக்கு வந்தன. கட்டடத்தில் நான் ஒருவனே தமிழன். மாந்தோப்பில் வளர்ந்த பழக்கத்தில், குப்பை போடவும் தபால்பெட்டியைப் பார்க்கவும் வெறுங்காலோடு இறங்கிவிடுவேன். இதற்காக வீட்டிலேயே கேலிக்கு ஆளானவன் நான். கீழ்வீட்டு அம்மையார் ஒருநாள் தம் பேத்தியிடம், தமிழர்கள் வெளியிலும் செருப்பு அணிவதில்லை என்று விளக்கிக்கொண்டிருந்தார். மறுக்கலாம் என்று வாயெடுத்தேன். அப்போதும் வெறுங்காலோடுதான் நின்றிருந்தேன்.

கோடையில் அண்ணன் குடும்பம் வந்தது. நால்வர் காலிலும் பளபளவென்று செருப்பு. இனியாவது அம்மையார் கருத்தை மாற்றிக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னைத் தனியே அழைத்து, "உங்கள் அண்ணன் வீட்டார் ஊர் வழக்கத்தை விட்டுவிட்டார்களா?" என்று வருத்தத்தோடு கேட்டார்.